எண்பத்தொரு போன் தள்ளி

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். கணக்கில் பாஸ் மார்க்குக்கு இரண்டு மூன்று கூட இருந்திருக்கும், அவ்வளவுதான். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடையில் இருந்த காலத்திலும் கவுண்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சால்டரிங் செய்வதுதான் எனக்கு வசதியாக இருந்தது. கழுத்து எலும்பு தேய்ந்து கண்ணும் மங்கியதால் ஐம்பதைத் தாண்டியதும் வேலையை விட்டுவிட்டேன். அப்படிப்பட்டவள் நம் செல்போன் பழுதுபார்ப்போர் சங்கத்து மலரில் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுத வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன கூட்டத்தில், புதிதாகக் கடை வைத்திருக்கும் பிள்ளைகள் ஒரு போன் பெட்டியை என்னிடம் கொடுத்து நம்பரைப் படிக்கச் சொன்னார்கள். நான் வலது கோடியிலிருந்து படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். "அக்கா, ஸ்கேன் பண்ணா வந்துடப் போவுது, அத ஏன் படிச்சிக்கினு? அதுவும் பின்னாலேர்ந்து?" என்று ஒரு பெண் கேட்டாள். "பழக்கம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அது முழு பதில் இல்லை.

நான் வேலை பார்த்தது உத்திரமேரூர் பஜாரில், கரீம் பாய் கடையில். கரீம் பாய் என்பது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. இப்போது அவர் மகன் வீட்டோடு வெளியூரில் இருக்கிறார். போனில் கூப்பிட்டு, இந்த விஷயத்தை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதும்மா. பேர மட்டும் மாத்திக்கோ. எனக்காக இல்ல, அவங்களுக்காக" என்றார். எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

வேலை கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விரல் சுட்டது. சார்ஜிங் பின் மாற்றினேன், ஸ்பீக்கர் மாற்றினேன். பிறகு விரல் சுடாமல் போயிற்று. பெண்பிள்ளை என்ன ரிப்பேர் செய்யப்போகிறாள் என்று போனைக் கொடுக்கத் தயங்கியவர்கள், பிறகு "அக்கா கையில குடு பாய்" என்று கேட்டு வாங்கினார்கள்.

பாய் உயரமான ஆள். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பட்டன் போட்டபடிதான் இருப்பார். சத்தம் போட மாட்டார். ஆனால் வாய் சும்மா இருக்காது. ஒருவர் கிணற்றில் விழுந்த போனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"மோட்டார் போடப் போனேன் பாய், வுழுந்துடுச்சு."

"எத்தினி நாளு உள்ள இருந்துச்சு?"

"நேத்துதான் தண்ணி வத்துச்சு. ஒரு வாரம் இருக்கும்."

"ஒரு வாரத்துல மீனுங்க பேசிப் பேசி பேலன்ஸ தீத்திருக்கும். எடுத்துக்கினு போ. ஆவாது."

அந்த 'ஆவாது' அவருடைய வார்த்தை. போர்டு செத்துப்போயிருந்தால் முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார். 'பார்க்கலாம்' என்று சொல்லவே கூடாது என்பது கடைச் சட்டம். ஒருமுறை ஒரு பாட்டி அழுததைப் பார்த்து நான் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு பாய் என்னைக் கூப்பிட்டார். "செல்வி, பாக்கலாம்னு நீ சொன்னா அது திருப்புலிவனத்துலேர்ந்து தினமும் பஸ் ஏறி வரும். செத்துப்போனத செத்துப்போச்சுன்னு சொல்லிட்டா ஒரு நாள் அழுவும். அதோட முடிஞ்சுது" என்றார்.

இனி அந்த நம்பர். ஒவ்வொரு போனுக்கும் பதினைந்து இலக்கத்தில் ஒரு எண் உண்டு. ஐ.எம்.இ.ஐ. என்பார்கள். உலகத்தில் ஒரு போனுக்கு இருப்பது இன்னொரு போனுக்கு இருக்காது. முதல் எட்டு இலக்கம் அது என்ன மாடல் என்று சொல்லும். அடுத்த ஆறு, அந்த மாடலில் அது எத்தனையாவது போன் என்ற வரிசை. கடைசியில் நிற்கும் ஒற்றை இலக்கத்துக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. முன்னால் இருக்கும் பதினாலும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. எங்கள் கடையில் அதற்கு வாட்ச்மேன் என்று பெயர்.

பாய் இந்தக் கணக்கைச் சென்னையில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டாராம். எனக்கு ஒரு மத்தியான நேரத்தில் சொல்லிக்கொடுத்தார். பதினைந்து இலக்கம் வேண்டாம், ஐந்தை வைத்துச் சொல்கிறேன். 2745 என்று ஒரு எண் இருக்கிறது, அதற்கு வாட்ச்மேன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். வலது கோடியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும். ஐந்தை இரட்டித்தால் பத்து, ஒன்றும் பூஜ்யமும் சேர்த்து ஒன்று. நாலு அப்படியே. ஏழை இரட்டித்தால் பதினாலு, ஒன்றும் நாலும் ஐந்து. இரண்டு அப்படியே. மொத்தம் பன்னிரண்டு. மொத்தம் பத்தால் வகுபட வேண்டும், அதனால் இருபது ஆக எட்டு வேண்டும். எட்டுதான் வாட்ச்மேன். 27458. யாராவது கை தவறி நாலையும் ஐந்தையும் இடம் மாற்றி 27548 என்று எழுதினால் இருபத்தெட்டு வரும், பத்தால் வகுபடாது. வாட்ச்மேன் கையைப் பிடித்துவிடுவான்.

எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. பதினைந்து இலக்கம் என்றால் கோடி கோடியாக எண்ணக்கூட முடியாத தொகை. அவ்வளவு பெரிய எண்ணுக்குள் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் ஒரு புத்தி இருக்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லாத விஷயம். பஸ்ஸில் போகும்போது கண்ணில் படும் எண்களை எல்லாம் இரட்டித்துக்கொண்டு வருவேன்.

கடையில் நம்பர் எழுதுவதற்கு ஒரு முறை இருந்தது. வாரண்டியில் அனுப்பும் போனின் எண்ணில் ஒரு இலக்கம் தப்பினாலும் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும், ஆள் மாதக்கணக்கில் போன் இல்லாமல் நிற்பார். அதனால் பேப்பரில் பதினைந்து கட்டம் போடுவோம். ஒருவர் படிக்க, இன்னொருவர் எழுத வேண்டும். படிப்பது வலது கோடியிலிருந்து. ஏனென்றால் ஒரே மாடல் போன் தினமும் பத்து வரும், முதல் எட்டு இலக்கம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். இடமிருந்து படித்தால் கண் பெட்டியைப் பார்க்காமல் வாயே பாட்டுப்போல் ஒப்பித்துவிடும், அந்த வேகத்தில் பின்னால் இருப்பதும் தப்பிப்போகும். வலமிருந்து படித்தால் ஒவ்வொரு இலக்கத்தையும் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். எழுதி முடித்ததும் பாய் கணக்குப் போடுவார். சரியாக வந்தால் தாளின் மூலையில் ஒரு சின்ன டிக்.

இந்தக் கணக்கால் பாய்க்கு ஊரில் ஒரு பேர் வந்தது. ஒருநாள் ஒரு வாலிபன் புதுசு போலிருந்த போனைப் பெட்டியோடு விற்க வந்தான். பாய் ஸ்டிக்கரைப் பார்த்தபடியே வாய்க்குள் முணுமுணுத்தார்.

"தம்பி, இத எங்க வாங்கின?"

"மெட்ராஸ்ல பாய். பில்லு தொலஞ்சிப்போச்சு."

"பில்லு கெடக்கட்டும். இந்த ஸ்டிக்கர எவன் அடிச்சானோ அவனுக்குக் கணக்கு வரல. அடுத்த தடவ படிச்சவனாப் பாத்து அடிக்கச் சொல்லு."

அவன் போனைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டு ஓடினான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். பாய் கணக்குப் போட்டுப் பார்த்துச் சரி என்று சொன்னால் சரி என்பது மானாம்பதி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஏகாம்பரம் அங்கிருந்துதான் வந்தார்.

அந்த வருஷம் மழை அதிகம். திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேர்ந்து கரையைத் தொட்டுக்கொண்டு ஓடின. ஏகாம்பரத்தின் ஒரே மகன் சங்கர், கம்பெனியில் வேலை செய்கிறவன், சாயங்காலம் வண்டி எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனவன் கம்பெனிக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு நாள் கழித்து ஆற்றோரம் முள்ளில் சிக்கியபடி வண்டி கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. தீயணைப்பு ஆட்கள் தேடிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி பெயர் கலா.

ஆற்றோடு போய்விட்டான் என்று ஊர் சொன்னது. ஏகாம்பரம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் ஓடும்போது என் மகன் அந்தப் பக்கம் போகமாட்டான், வண்டியை யாரோ பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர் நல்ல மாதிரி. போன் பெட்டியில் இருக்கும் பதினைந்து இலக்க நம்பரைக் கொண்டுவந்து கொடுங்கள், அந்தப் போன் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறோம் என்றார். வீட்டில் பரண்மேல் போன் பெட்டி இருந்தது. ஒற்றை சிம் போடுகிற போன், அதனால் எண்ணும் ஒன்றுதான். பெட்டியில் எலி கடித்து, மழை ஈரம் பட்டு, ஸ்டிக்கர் நரைத்துப் போயிருந்தது. அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து பாயிடம் நீட்டினார்.

அன்று நான் ஒரு போர்டைச் சூடு காட்டிப் பிடித்திருந்தேன், கை எடுக்க முடியாது. அதனால் பாய் தானே படித்துத் தானே எழுதினார். கட்டம் போட்டார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், வலது கோடியிலிருந்து எழுதினார். கணக்குப் போட்டார். சரியாக வந்தது. டிக் போட்டார்.

"கணக்கு கரெக்டா வந்துடுச்சு அண்ணே. நம்பர் சரி. தைரியமாக் கொண்டுபோயி குடு."

"சரியா கீதா பாய்?"

"ஒரு எழுத்து தப்பி இருந்தாலும் காட்டிக்குடுத்துடும். சரியா கீது."

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஏகாம்பரம் திரும்ப வந்தார். வேர்க்கடலை ஒரு பை நிறைய. கவுண்டரில் வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"பாய், போனு உயிரோட கீது."

"இன்னா அண்ணே சொல்ற?"

"திருப்பூர்ல கீது. எவனோ ஒருத்தன் பேசிக்கினு கீறான். ஏட்டையா கூப்ட்டாரு. கடையில வாங்கினேன்றானாம், கடையில! எம்புள்ளதான் அங்க போயி வித்திருப்பான். எம்மேல கோவம் பாய் அவனுக்கு. கெணத்து மோட்டார் விஷயத்துல ஒரு வார்த்த திட்டிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு கேக்கறேன், நீ தொழில் தெரிஞ்சவன். ஆத்துத் தண்ணில வுழுந்து போன போனு அப்பறம் பேசுமா?" என்றார்.

"அந்த வெள்ளத்துல வுழுந்தா பேசாது."

"அப்போ வுழல."

"வுழல அண்ணே" என்றார் பாய்.

நான் திரும்பிப் பார்த்தேன். பாய் சிரித்தபடி வேர்க்கடலையை உடைத்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் அழுதுகொண்டே சிரித்தார்.

கருமாதி செய்துவிடலாம் என்று வந்த பங்காளிகளை ஏகாம்பரம் வாசலிலேயே திருப்பி அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். கலாவை ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலையில் பூ வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கலா கடைக்கு வந்தாள், கையில் அந்தப் பெட்டி.

"அக்கா, திருப்பூர்காரன் அவன் பில்லக் காட்றானாம், புதுசா வாங்கினதாம். ஸ்டேஷன்ல எங்க பெட்டிய ஜெராக்ஸ் எடுத்துக் கேக்கறாங்க. ஜெராக்ஸ்ல இந்த ஸ்டிக்கர் வுழவே மாட்டேங்குது. நீங்க அதயே தெளிவா எழுதிக் குடுங்க."

கட்டம் போட்டேன். கலாவையே பெட்டியைப் பிடிக்கச் சொல்லி, கண்ணாடி வைத்து வலது கோடியிலிருந்து படித்தேன். நாலு. ஒன்பது. பூஜ்யம். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனேன். முடித்ததும், பாய் முன்பு எழுதிக் கொடுத்த தாளையும் அவள் வைத்திருந்ததால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என்னுடையது 094 என்று முடிந்தது. பாயுடையது 904 என்று முடிந்தது. மற்றவை எல்லாம் ஒன்று.

நான்தான் தப்பாகப் பார்த்திருப்பேன் என்று நினைத்தேன். கணக்குப் போட்டேன். என் எண்ணுக்குச் சரியாக வந்தது. அப்படியானால் பாயுடையது இடிக்க வேண்டும் என்று அதற்கும் போட்டேன். அதற்கும் சரியாக வந்தது. ஒரே மொத்தம்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு இலக்கமாக யோசித்தேன். ஒன்பதை இரட்டித்தால் பதினெட்டு. ஒன்றும் எட்டும் ஒன்பது. பூஜ்யத்தை இரட்டித்தால் பூஜ்யம். மற்ற எட்டு இலக்கங்களும் இரட்டித்தால் வேறு ஆளாக மாறிவிடும். இந்த இரண்டு மட்டும் மாறாது. இரட்டிக்கும் இடத்தில் நின்றாலும் ஒன்பது ஒன்பதுதான், பூஜ்யம் பூஜ்யம்தான். அதனால் இவை இரண்டும் அக்கம்பக்கத்தில் இருந்து இடம் மாறிக்கொண்டால் வாட்ச்மேனுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை.

"இன்னாக்கா, மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றாள் கலா.

"பாய் வந்துடட்டும்மா."

"இன்னா ஆச்சு, சொல்லுங்கக்கா."

"பாய் வந்துடட்டும்."

அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாய் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தார். நான் இரண்டு தாளையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் பெட்டியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். கணக்குப் போட்டார். இரண்டாவதற்கும் போட்டார். பிறகு தொண்ணூற்றிலிருந்து ஒன்பதைக் கழித்து ஓரத்தில் எழுதினார்.

"எண்பத்தொண்ணு" என்றார். என்னிடம் சொல்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியவில்லை. "அதே மாடல். அதே லோடுல வந்திருக்கும். எண்பத்தொரு போன் தள்ளி."

எப்படித் தப்பியது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பிறகு ஒருநாள் எனக்குச் சொன்னார். உருதுவில் எழுத்து வலமிருந்து இடமாக வரும், நடுவில் நம்பர் வந்தால் அது மட்டும் இடமிருந்து வலமாகப் போகும். சின்ன வயதில் மதரஸாவில் அப்படி எழுதிப் பழகிய கை. வலது கோடியில் நாலை எழுதினார். அடுத்து கண்ணில் பட்டது ஒன்பது, அதற்கடுத்து பூஜ்யம். இரண்டையும் ஒரே பார்வையில் எடுத்துக்கொண்டு, கை பழக்கத்தில் இடமிருந்து வலமாக 90 என்று வைத்துவிட்டது. எப்போதும் நான் படிப்பேன், அவர் எழுதுவார். ஒவ்வொரு இலக்கமாகக் காதில் விழும். அன்று படிக்க ஆள் இல்லை.

பாய் கலாவின் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். 'ஆவாது' என்று ஒரு நொடியில் சொல்கிற மனிதர். அன்று அவருக்கு வாய் வர நேரம் ஆனது.

"அம்மா, திருப்பூர்ல இருக்கறது உங்க வூட்டு போனு இல்ல. நான் நம்பர தப்பா எழுதிட்டேன்."

கலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கணக்கு சரியா வந்துச்சுன்னு மாமா சொன்னாரே பாய்."

"வந்துச்சு. தப்பான நம்பருக்கும் வந்துடுச்சு."

"அப்போ இவரு போனு எங்க கீது?"

பாய் இரண்டு தாளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஏட்டையாகிட்ட போவலாம் வா" என்று எழுந்தார்.

எட்டு நாளில் பதில் வந்தது. சரியான எண்ணுக்குரிய போன் கடைசியாக, சங்கர் கிளம்பிய அன்று சாயங்காலம், திருமுக்கூடல் டவரில் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு எங்கும் இல்லை. அந்த எட்டு நாளும் கலா மாமனாரிடம் எதுவும் சொல்லவில்லை. பதில் வரட்டும் பாய், அப்பறம் நீங்களே வந்து சொல்லுங்க, நான் சொன்னா நம்பமாட்டாரு என்றுதான் கேட்டுக்கொண்டாள்.

கடையில் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. ஒன்பதும் பூஜ்யமும் அடுத்தடுத்து வந்தால் அதன் கீழே கோடு போட்டு, இன்னொரு ஆள் பெட்டியைத் திரும்பப் பார்க்க வேண்டும். கணக்கு சரியாக வந்தால், அப்படி ஒரு எண் இருக்க முடியும் என்று மட்டும்தான் அர்த்தம். அது உன்னுடைய எண் என்று அர்த்தம் இல்லை. பிள்ளைகள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மானாம்பதிக்கு பாய் என்னையும் கூட்டிப்போனார். "அந்தப் பொண்ணுக்குப் பக்கத்துல ஒரு பொம்பள இருந்தா நல்லது" என்றார். மத்தியானம். ஏகாம்பரம் களத்தில் வேர்க்கடலையைக் காலால் தள்ளி உலர்த்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா பாய்! திருப்பூர்லேர்ந்து சேதியா? ஏய் கலா, தண்ணி கொண்டா. செல்வியும் வந்திருக்குது பாரு."

பாய் உட்காரவில்லை. நின்றபடியே முழுவதையும் சொன்னார். தான் எழுதியது தப்பு என்று சொன்னார். டவர் விஷயத்தையும் சொன்னார். எதையும் மென்று விழுங்கவில்லை. ஏகாம்பரம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். கலா சொம்போடு வாசற்படியில் நின்றாள். தலையில் பூ இல்லை.

"கணக்கு சரியா வந்துச்சுன்னு சொன்னியே பாய்" என்றார் ஏகாம்பரம்.

"சொன்னேன் அண்ணே."

"ஒரு எழுத்து தப்பினாலும் காட்டிக்குடுத்துடும்னு சொன்ன."

"சொன்னேன்."

"இப்போ இன்னான்ற? அதுவும் சரி, இதுவும் சரி. ரெண்டும் சரின்னா எது என்னுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பெட்டியில இருக்கறதுதான் அண்ணே உங்களுது."

"பெட்டி எலி கடிச்ச பெட்டி. அன்னிக்கு நீ பூதக்கண்ணாடி வெச்சுத்தான் பாத்த. அன்னிக்கு நல்லா இருந்த கண்ணு இன்னிக்கு எப்படிக் கெட்டுப்போச்சு?" சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நீதானே பாத்த. ஜீரோ முன்னாலயா, ஒம்போது முன்னாலயா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பார்க்கலாம் என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. இன்னொரு தடவை பெட்டியைப் பார்க்கலாம், ஈரத்தில் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருக்கும். கலா என்னைப் பார்க்கவே இல்லை. சொம்பில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜீரோதாண்ணே முன்னால" என்றேன்.

ஏகாம்பரம் குனிந்து, காலில் ஒட்டியிருந்த ஒரு கடலைத் தோலை எடுத்துப் போட்டார். தெருவில் ஒரு டிராக்டர் போய், அதன் சத்தமும் அடங்கிவிட்டது. பிறகு அவர் பாயின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எத்தினி தள்ளின்ன?"

"எண்பத்தொண்ணு அண்ணே."

"எண்பத்தொண்ணுதானே" என்றார் ஏகாம்பரம். "அவ்ளோ கோடிக்கு நடுவுல. ரொம்ப தூரம் இல்ல."

பாய் அவர் தோளைத் தொடக் கையை நீட்டினார். ஏகாம்பரம் நகர்ந்துகொண்டு மறுபடி வேர்க்கடலையைத் தள்ள ஆரம்பித்தார். நாங்கள் தண்ணீர் குடிக்காமலே வந்துவிட்டோம். பஸ்ஸில் பாய் மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை ஏகாம்பரம் மகனைத் தேடித் திருப்பூருக்குப் பஸ் ஏறினார். கலா கடைக்கு வந்து, அந்தப் பெட்டி வீட்டில் இருக்க வேண்டாம் என்று கொடுத்துவிட்டுப் போனாள். பாய் வரவில்லை. நான்தான் கடை திறந்திருந்தேன்.